கேட்டு வால்வும் கோவக்காரக் கோழியும்

ஊருக்கே தண்ணி விடுற டேங்க் ஆபரேட்டருக்கு அவன் வூட்டுக் குழாயடியிலகூட மரியாதை கிடையாது. கரண்டு லைன்மேன், ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர்... நீங்கல்லாம் இதைப் படிச்சா ‘ஆமாம்பா’ன்னு தலையாட்டுவீங்க. மானாம்பதிப் பக்கம் எங்க ஊர்ல மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிய ரொப்பி, தெருவுக்குத் தண்ணி போற குழாயில இருக்கற கேட்டு வால்வைத் திருகித் திறந்து விடுறதுதான் என் வேலை. தண்ணி வந்தா ஏரி குடுத்தது, வரலன்னா நான் கெடுத்தது!

மருந்து வாசனை

தொட்டியக் கழுவி பிளீச்சிங் பவுடர் கலக்குற அன்னிக்கு ஊரே மூக்கைப் பிடிச்சிக்கும். பஸ் ஸ்டாப்புல டீக்கடை வெச்சிருக்கற பாய் தங்கமான மனுஷர், ஆனா டீ விஷயத்துல மட்டும் விட்டுக்குடுக்க மாட்டார். போன வாரம் கிளாஸை என் மூக்குக்கிட்ட நீட்டி, மோந்து பாருன்னார். ஏரிக்கரைக் கிணத்துல தண்ணி அடிக்குப் போயிடுச்சு பாய், வாந்தி பேதி வராம இருக்கணும்னா போட்டுத்தான் ஆவணும்னேன். கிளாஸைக் கீழ வெச்சார்.

“சரி நைனா, நல்லதுக்குத்தான் போடற. மொத நாளே ஒரு வார்த்தை சொல்லிடு, அன்னிக்கு டீயில இஞ்சியத் தூக்கலா தட்டிப் போட்டுக்கறேன்.”

அடையில இருந்த கோழி

சித்திரை வெயில்ல தொட்டி பாதிதான் ரொம்பும். அந்தப் பாதியைத்தான் ரெண்டு தெருவும் பங்கு போட்டுக்கணும். தொட்டிக்குப் பக்கத்துல கீழத் தெரு, ஊர்க் கடைசியில மேட்டுத் தெரு. ரெண்டுக்கும் தனித்தனி வால்வு இருந்தாலும் சேர்த்துத் திறக்கறதுதான் வழக்கம். கீழத் தெருவுல யாராவது குழாயில மோட்டாரை மாட்டி உறிஞ்சினா, மேட்டுத் தெருக் குழாய்ல காத்துதான் வரும். அந்த யாராவது யாருன்னு ஊருக்கே தெரியும். முனுசாமி மாமா. எனக்குச் சொந்தம் வேற, என்னத்தச் சொல்ல!

ஒருநாள் காலையில அவர் வூட்டுப் பக்கம் போனேன். குழாயடியில கோழிக்கூடை ஒண்ணு கவுத்து வெச்சிருக்கு. உள்ளேருந்து உர்ருன்னு சத்தம். மாமா, உள்ள இன்னா கீதுன்னேன். கோழி அடையில கீதுன்னார். அடையில இருக்கற கோழி எதுக்கு மாமா இப்படி உறுமுதுன்னேன். மனுஷன் கொஞ்சங்கூட அசரல.

“அது கோவமா கீது. கிட்டப் போனா கொத்திடும், பேசாம போய்க்கினே இரு.”

கேட்டும் திறக்காதது

ஸ்டெல்லாக்கா மேட்டுத் தெரு. விடிஞ்சதும் பக்கத்துல பெருநகர்ங்கற ஊர்ப் பக்கம் நடவுக்கும் களைக்கும் ஷேர் ஆட்டோ ஏறிடுவாங்க. அந்தத் தெருவுல முக்கால்வாசிப் பொம்பளைங்க அப்படித்தான். கீழத் தெருவுல மோட்டார் நின்னு மேட்டுக்குத் தண்ணி ஏர்றப்போ குடம் வைக்க அங்க ஆள் இருக்காது. வேலை செஞ்ச கழனியில பம்புசெட்டுத் தண்ணியப் புடிச்சு, சாயங்காலம் சுமந்துக்கினு வருவாங்க.

ஒருநாள் அந்தக் குடத்தோட நேரா என்கிட்ட வந்து நின்னாங்க. பகலெல்லாம் குனிஞ்சு நாத்து நட்ட இடுப்பு, அதுமேல குடம். பார்க்கவே எனக்கு அசிங்கமா போச்சு. சமாளிக்கறதுக்காக, கேட்டு வால்வை முழுசாத்தான் திறக்கறேன்கான்னு சொல்லிவெச்சேன்.

“கேட்டு வால்வா? நாங்களுந்தான் கேட்டுக்கினே கீறோம், எங்க தொறக்குதுப்பா?”

பொகை

அந்தப் பேச்சு மனசைக் குடைஞ்சுக்கினே இருந்துச்சு. மறுநாள் கீழத் தெரு வால்வை இறுக்கி மூடிட்டு, மேட்டுத் தெரு வால்வை மட்டும் திறந்தேன். முனுசாமி மாமா இது தெரியாம, வழக்கம்போல சுவிட்சைப் போட்டுட்டு மாட்டைப் புடிச்சுக் கட்டப் போயிட்டார். தண்ணியில்லாம மோட்டார் வெறுமனே ஓடி, கூடைக்குள்ளேருந்து பொகை கிளம்பிடுச்சு. லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு டேங்குக்கு ஓடி வந்தார். இன்னா மாமா, எது பொகையுதுன்னு கேட்டேன். மோட்டார்னு சொல்லத்தான் வாயைத் திறந்தார். சுத்தி கீழத் தெருப் பொம்பளைங்க காலிக் குடத்தோட நிக்கறாங்க. சட்டுன்னு பேச்சை மாத்தினார்.

“கோயி... என் கோயி பொகையுதுடா!”

மூடச் சொன்னவங்க

அன்னிலேர்ந்து, பொம்பளைங்க ஆட்டோ ஏறுறதுக்கு முன்னாடியே மேட்டுத் தெருவுக்குத்தான் மொதல் தண்ணி. கீழத் தெருவுல தினமும் திட்டு வாங்கறேன், வாங்கிட்டுப் போறேன். ஆனா மொத நாள் உள்ளுக்குள்ள எனக்கும் பயந்தான். இவ்ளோ நாள் காஞ்சு கெடந்தவங்க, அண்டா குண்டானெல்லாம் வெச்சு இருக்கற பாதித் தொட்டியையும் காலி பண்ணிட்டா கீழத் தெருவுக்கு எதை விடுறது? அடுத்த நாள் காலையில ஸ்டெல்லாக்கா கையில சோத்துத் தூக்கோட ஆட்டோவுக்கு ஓடிக்கினே, டேங்குப் பக்கம் திரும்பிக் குரல் குடுத்தாங்க.

“எங்களுக்கு ரொம்பிடுச்சு, கேட்டு வால்வை மூடுப்பா! பாவம், கீயத் தெருக் கோயிங்கல்லாம் தாகத்தோட கீதுங்க.”

என் வேலையில, திறன்னு கேக்க ஊரே கீது, மூடுன்னு கேக்க ஒரே ஒரு தெருதான் கீது.