கந்தகப் பாதையில் ஒரு மோதிரம்

பலெர்மோவில் றோஸ்மேரிக்குப் பயந்தவர்கள் உண்டு. றோஸ்மேரி பயந்த ஆட்கள் இல்லை. வதிவிட அனுமதிக்காக வரிசையில் நிற்கும் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் இடையில் புகுந்து நிற்கிறவனை ஒரு பார்வையிலேயே வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவாள். லிபெர்த்தா வீதியில் அவள் பராமரிக்கும் வயதான சிஞ்ஞோரா, மருந்து வேண்டாம் என்று பெற்ற பிள்ளைகளிடமே அடம்பிடிப்பார். றோஸ்மேரி கரண்டியோடு வந்து நின்றால் பேசாமல் வாயைத் திறப்பார். மன்னாரிலிருந்து வந்து எத்தனையோ வருடமாகியும் அவளுடைய இத்தாலியன் பிழைபிழையாகத்தான் இருந்தது. அதைச் சாட்டி அவளிடமிருந்து தப்பியவர் எவருமில்லை.

அப்படிப்பட்டவள் வாயைப் பூட்டிவைத்திருந்த விஷயம் ஒன்று இருந்தது. மகள் தர்சனா மூன்றாவது தடவையாகக் கர்ப்பமாக இருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. அந்த இரண்டு தடவையும் பங்குக் கோயிலின் செபக்கூட்டத்துக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்ததால், பிறகு அத்தனை பேரும் முறைவைத்து வந்து ஆறுதல் சொன்னார்கள். இழந்ததைவிட அந்த ஆறுதல்தான் தர்சனாவைக் கொன்றது. இந்த முறை ஒருவருக்கும் மூச்சுவிடக்கூடாது என்று தாயிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எதற்கும் ஊரையே மன்றாடும்படி கேட்டுப் பழகிய றோஸ்மேரி, பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு திரிந்தாள்.

அது 2016. ஈஸ்டருக்கு மறுநாள் பலெர்மோவில் யாரும் வீட்டில் இருப்பதில்லை. வெளியே சுட்டுச் சாப்பிடக் கரியும் இறைச்சியும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சிஞ்ஞோரா வீட்டார் மலைப்பக்கம் இருந்த தங்கள் பூர்வீக ஊருக்குப் போனார்கள், றோஸ்மேரியையும் கூட்டிக்கொண்டு. அங்கே மூடிப்போன கந்தகச் சுரங்கங்களும், ஒரு காலத்தில் கழுதைகள் கந்தகம் சுமந்த பாதையும் இருந்தன. அந்தக் காலத்தில் ஊரார் கந்தகத்தைப் பொன் என்றே சொல்வார்களாம். தோண்டியவர்களுக்கு அந்தப் பொன்னில் என்ன மிஞ்சியது என்று றோஸ்மேரி கேட்டாள். சிஞ்ஞோராவின் மகன் இறைச்சியைப் புரட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

சாப்பாட்டுக்கு நேரம் இருந்ததால் அவள் அந்தப் பாதையில் நடந்தாள். ஒரு வளைவில், சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்குக் காவலான புனித பார்பரம்மாளின் சுரூபம் சிறிய கல்மாடத்துக்குள் இருந்தது. மாடத்துக்குப் பின்னால், கல்லொன்றின் கீழ் பச்சைத் தகரப்பெட்டி தெரிந்தது. திறந்து பார்த்தாள். ஒரு சாவிக்கொத்து, ஒரு சிப்பி, வெளிநாட்டு நாணயம், பெருவிரல் அளவில் ஒரு பிளாஸ்ரிக் குழந்தைப் பொம்மை. பிள்ளை வரம் கேட்டவர்கள் கோயிலில் தொட்டிலும் பொம்மையும் காணிக்கை வைப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? இது நேர்த்திப் பெட்டி. யாரையும் கேட்க வேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. இத்தாலியில் முதல் சம்பளத்தில் வாங்கிய மோதிரத்தைக் கழற்றி உள்ளே வைத்தாள்.

“பிள்ளை பிறந்தால் தாறன் எண்டு நான் பேரம் பேச வரேல்லை, தாயே. இப்பவே தாறன். பிள்ளையைக் காப்பாற்றும்.”

பெட்டியை மூடி, கல்லை வைத்துவிட்டு இறங்கி வந்தாள். அன்று பாரம் இறங்கியவளாக அவள் சாப்பிட்ட சாப்பாட்டைச் சிஞ்ஞோரா வீட்டார் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

மே மாதத்தில்தான் இடி விழுந்தது. மருமகன் றெஜிக்குக் கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் சமையல் வேலை. அங்கே சாப்பிட வந்த வெள்ளைக்காரர்களைப் பற்றி இரவுச் சாப்பாட்டில் பகிடியாகச் சொன்னான். வளர்ந்த மனிதர்கள், கையில் போனை வைத்துக்கொண்டு காடுமேடெல்லாம் ஒளித்துவைத்த பெட்டி தேடுகிறார்களாம். அந்த விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயராம். உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டுமாம். கந்தகச் சுரங்கப் பாதையில்கூடப் பல பெட்டிகள் இருக்கின்றனவாம்.

றோஸ்மேரி கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. பெட்டி என்ன நிறம் என்று கேட்டாள். பச்சையாம் என்றான். தர்சனா கைகழுவ எழுந்து போனதும், நடந்ததை மருமகனிடம் மெதுவாகச் சொன்னாள்.

றெஜி அந்த விளையாட்டுக்காரர்களின் செயலியில் பதிந்து, பெட்டிகளை ஒளித்துவைத்தவருக்கு ஒரு செய்தி எழுதினான்: சுரூபத்தடிப் பெட்டியில் ஒரு மோதிரத்தைத் தவறுதலாக வைத்துவிட்டோம், ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். பதிலுக்குக் காத்திருக்கிற ஆளா றோஸ்மேரி? ஞாயிறு முதல் பஸ்ஸிலேயே இருவரும் போனார்கள்.

பெட்டி இருந்தது. பொம்மை இருந்தது. மோதிரம் இல்லை, ஒரு சிவப்புப் பொம்மைக் கார் கிடந்தது. றோஸ்மேரி விடவில்லை. எடுத்தவர் அடுத்த பெட்டியில் போட்டிருக்கலாம் என்று, போன் காட்டிய இடமெல்லாம் ஏறி இறங்கினாள். இடிந்த பாலத்தின் கீழே பார்த்தாள். கந்தகம் உருக்கிய சூளையின் பொந்துக்குள் கையை விட்டாள். சட்டையெல்லாம் சாம்பல் நிறப் புழுதி. வெயில் ஏறியபோது றெஜிக்குப் பொறுக்கவில்லை. வேறு மோதிரம் ஒன்று வாங்கிக் கோயிலிலேயே போடுவோம் என்றான்.

“குடுத்ததைத் திரும்ப எப்பிடிக் குடுக்கிறது, தம்பி? அது இப்ப ஆரோ ஒருத்தியின்ரை விரலிலை கிடக்குது. கேட்டது போய்ச் சேரேல்லை. நான் ஆரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால்...”

சூளையின் கல்லில் அப்படியே இருந்துவிட்டாள். மாமி இப்படி இருந்து அவன் பார்த்ததில்லை. அவனும் பக்கத்தில் போய் இருந்தான். பிள்ளை அவனுடையதும்தானே.

அப்போதுதான் றெஜியின் செய்தியைப் பார்த்துவிட்டு ஒரு பெண் மூச்சுவாங்க மேலே வந்தாள். ஜூசெப்பீனா, அந்த ஊரின் தபால்காரி. பெட்டிகளை ஒளித்தவள் அவள்தான். தகப்பனும் பாட்டனும் நடந்து தேய்ந்த பாதையில் புல் முளைத்துக் கிடப்பது பிடிக்காமல், நாலு பேரையாவது நடக்க வைக்கச் செய்த வேலை. பெட்டிகளைச் சரிபார்க்க வந்தபோது மோதிரத்தைக் கண்டாளாம். விளையாட்டுக்கு யாரும் பொன் வைப்பதில்லை, அதுவும் பார்பரம்மாளின் காலடியில். நேர்த்தி என்று கண்டவுடனேயே புரிந்ததாம். மற்றவர் கண்ணில் படுமுன் எடுத்துக் கோயிலில் கொடுத்துவிட்டாளாம்.

அவள் கூட்டிப்போன கோயில் இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. பார்பரம்மாளின் சிவப்புப் போர்வையில் பழைய சங்கிலிகள், தோடுகளுக்கு நடுவே மோதிரம் தைக்கப்பட்டிருந்தது. றோஸ்மேரி தொட்டுப் பார்த்தாள், தன்னுடையதுதான். செபமாலைக்கு வந்திருந்த ஐந்தாறு பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மோதிரம் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு செபமாலையின் முடிவிலும், மோதிரத்துக்குரியவளுக்காக ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்கிறார்களாம். யார், எவர், என்ன கேட்டாள், எதுவும் தெரியாமலே.

அவர்களில் ஒருத்தி, கேட்டது கிடைத்துவிட்டதா என்று மட்டும் கேட்டாள். மகளுக்குக் கொடுத்த சத்தியம் றோஸ்மேரிக்கு நினைவு வந்தது. இன்னும் இல்லை என்றாள். அப்படியானால் தொடர்ந்து சொல்கிறோம் என்று அந்தப் பெண்கள் தங்கள் இடத்தில் போய் முழங்காலிட்டார்கள். என்ன நேர்த்தி என்று ஒருத்தியும் கேட்கவில்லை. றோஸ்மேரியும் அவர்கள் பக்கத்தில் முழங்காலிட்டு, தமிழில் சொல்லி, வெட்கப்படாமல் அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் மகளுக்கு போன் எடுத்தாள்.

“சத்தியமா நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, மகள். ஆனாலும் கன பேர் உனக்காக மன்றாடிக்கொண்டிருக்கினம்.” மோதிரத்தின் கதையையும் அந்தப் பெண்களையும் பற்றி ஒன்றும் விடாமல் சொன்னாள்.

தர்சனா கோபிப்பாள் என்று றெஜி பயந்துகொண்டிருந்தான்.

“எத்தினை பேர், அம்மா?” என்று கேட்டாள் அவள்.