நாலு வாசலில் பார்த்த பெண்

பின்பக்கமாக நடந்துகொண்டேதான் குடைக்காரர் பேசுவார். முகம் சுற்றுலாக் கூட்டத்தைப் பார்த்திருக்கும். போகிற வழியை முதுகு பார்த்துக்கொள்ளும். சிவப்புக் குடை ஒன்றை மடக்கியபடியே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பார். கொட்டுகிற மழையிலும் அதை விரிக்க மாட்டார். “விரிச்சா இது எல்லார் குடை மாதிரியும் ஆயிடும். அப்புறம் எவன் குடைக்குப் பின்னாலயாவது போய் நிப்பீங்க!” கல் பெயர்ந்த இடம், சாக்கடை மூடி, தையல்காரர் காலை நீட்டி உட்காரும் படி, எல்லாம் அவர் குதிகாலுக்கு மனப்பாடம். முன்னால் பார்த்து நடக்கிற மற்ற வழிகாட்டிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. “வீட்டுக்கு வந்தவங்களுக்கு முதுகைக் காட்டலாமா?” என்பார்.

பழைய நகரத்தில் ஒரே ஒரு தெருதான் அவருடைய ராஜ்யம். தேவாலயம், பள்ளிவாசல், கோயில், யூதர்களின் ஜெபக்கூடம் நான்கும் அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. புத்தகங்களில் இந்தத் தெருவைப் பற்றிப் படித்தால் எழுந்து நின்று கும்பிடத் தோன்றும். குடைக்காரர் வாயால் கேட்டால், ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிற நாலு ஓரகத்திகளின் சமாசாரம் போலிருக்கும். “காலைல தேவாலயத்து நிழல் போய்ப் பள்ளிவாசல் முற்றத்துல படுத்துக்கும். சாயங்காலம் பள்ளிவாசல் நிழல் அங்க போய்ப் படுத்துக்கும். கோயில் மணி அடிச்சாத்தான் ஜெபக்கூடத்துக் காவலாளி கடிகாரத்தைத் திருத்துவாரு. கேட்டா, ‘மணி அவங்களுது, நேரம் எல்லாருக்கும் பொது’ம்பாரு.” மதில் மேல் தூங்கும் ஒரு சாம்பல் பூனையையும் தவறாமல் அறிமுகப்படுத்துவார். “நாலு இடத்துலயும் சாப்பாடு, ஒரு இடத்துலயும் பிரசங்கம் கேக்கிறதில்ல. இந்தத் தெருவுலயே கொடுத்து வெச்ச ஆளு இதுதாங்க.”

“நீங்க எந்த மதம்?” என்று யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டே தீருவார். “நீங்க என்ன நினைச்சீங்களோ, அதுல பாதி” என்பது பதில். கேட்டவருக்கு ஏனோ திருப்தியாகிவிடும்.

அவருடைய பெரிய கைங்கரியம் வேறு. வந்திருப்பது எந்த மதத்துக் கூட்டம் என்று பார்த்த மாத்திரத்தில் மோப்பம் பிடித்துவிடுவார். பிறகு அவர்களுக்குத் தோதான வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, குடையையும் கொஞ்சம் தாழ்த்துவார். “இந்த இடத்துலதாங்க என் சம்சாரத்தை முதன்முதலா பார்த்தேன்.” ஒரு கூட்டத்துக்குத் தேவாலயப் படிக்கட்டு. இன்னொன்றுக்குப் பள்ளிவாசல் நீர்த்தொட்டி. மற்றவர்களுக்குக் கோயில் தூணோ, ஜெபக்கூடத்து நீலக் கதவோ. நான்கு இடத்திலும் அதே சாயங்காலம், அதே காற்று, அதே நழுவும் முக்காடு. பெண்கள் “ஐயோ!” என்று உருகுவார்கள். ஆண்கள் வேறெங்கோ பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். “கல்லோட வயசைச் சொன்னா கொட்டாவி விடுறாங்க. கல்யாணத்தைச் சொன்னா காதைத் தீட்டிக்கிறாங்க. நான் என்ன பண்ண?” என்று தையல்காரரிடம் கண்ணடிப்பார். கலப்படக் கூட்டம் வந்தால் மட்டும் அந்தக் கதைக்குப் பூட்டு.

உண்மையில் அவர் மனைவியை முதன்முதலாகப் பார்த்தது தெருமுனைப் பல் டாக்டர் வீட்டு பெஞ்சில். அவளுக்கு இடது கன்னம் பன் ரொட்டியாக வீங்கியிருந்தது. உள்ளங்கையால் அதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவருக்குக் கடைவாய்ப் பல். இவர் முனகலைப் பொறுக்கமுடியாமல், ‘நீ முதலில் போ’ என்று கையால் காட்டினாள். அந்தக் கையிலேயே மனிதர் விழுந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் கேட்டு வாங்கிய சத்தியம் ஒன்றே ஒன்று. “என் வீங்கின மூஞ்சியைப் பத்தி எவர்கிட்டயும் மூச்சு விடக் கூடாது.” வாயைத் திறந்தால் புளுகுகிற மனிதர், அந்த ஒரு வாக்கை மட்டும் இன்றுவரை மீறவில்லை.

போன வாரம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மனைவியும் கூடவே வந்தாள். “தினம் காய்கறி வாங்கப் போற தெருவுக்கு எதுக்கு வழிகாட்டி?” என்று அதுவரை அவர் கூட்டத்தை ஒருநாளும் எட்டிப் பார்க்காதவள். வந்திருந்ததோ ஏதோ அலுவலகத்துக் கலப்படக் கூட்டம். பயமில்லை என்று குடைக்காரர் தெம்பாக நடந்தார். கூட்டத்தின் கடைசியில் நின்று, பூனைக் கதைக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தபோது மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. முதல்நாள் வேலைக்கு வந்தவர்போல் நெஞ்சு நிமிர்ந்தது.

அப்போதுதான் கண்ணாடி போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள். “சார், போன வருஷம் எங்க சபைக்காரங்களோட வந்திருந்தேன். அந்தத் தேவாலயப் படிக்கட்டுக் கதையைச் சொல்லுங்களேன்!”

“படிக்கட்டா?” என்றான் பக்கத்திலிருந்த நெட்டையன். “எங்க வாப்பாகிட்ட நீர்த்தொட்டின்னு சொன்னாராமே. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி உருகினாரு.”

“எங்க சித்தி வந்தப்ப கோயில் தூணு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டம் ஓவென்று சிரித்தது. “மொத்தம் எத்தனை சம்சாரம் சார் உங்களுக்கு?”

குடைக்காரரின் குதிகால் முதல்முறையாகச் சாக்கடை மூடியில் இடறியது. சமாளித்து நின்று கடைசி வரிசையைப் பார்த்தார். பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு அவள் நின்றாள். இன்னார் மனைவி என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. சிரித்த சுவடே முகத்தில் இல்லை.

“நானும் கேக்கிறேன்” என்றாள், கூட்டத்தோடு கூட்டமாக. “எந்த வாசல்ங்க?”

மனிதர் ஆடிப்போனார். எந்த வாசலைச் சொன்னாலும், அங்கே பார்த்தது எவளை என்று ராத்திரி பதில் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னாலோ வாக்குத் தவறியவர் ஆவார். ஊர் சிரித்தால் துடைத்துப் போட்டுவிட்டு நாளைக்கு வேறு கூட்டத்தைப் பார்க்கலாம். இவள் பேச்சை நிறுத்திவிட்டால் அந்த வீட்டில் அவர் யாரிடம் போய்க் கதை சொல்வார்? தூக்கிப் பிடித்த குடை தானாக இறங்கித் தரையைத் தொட்டது.

“சொல்லுங்க சார், சொல்லுங்க!”

வாயைத் திறந்தார். கட்டிய தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அவளையே பார்த்தார்.

அவள் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்தாள். பிளாஸ்க்கைத் தையல்காரர் படியில் வைத்தாள். பிறகு வாய் நிறையக் காற்றை இழுத்து, இடது கன்னத்தைப் பன் ரொட்டியாக உப்பி, உள்ளங்கையால் அதைத் தாங்கிக்கொண்டாள்.