செல்வியக்காவுக்கு எந்த வகை உடம்பு?

போன சனிக்கிழமை செல்வியக்காவை நோர்த் யோர்க்கில் ஒரு கொரிய வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஸ்காபரோ வோபர்னில் எங்கள் அபார்ட்மென்ட் கட்டடத்தில்தான் அவரும் இருக்கிறார். கணவருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, சாப்பாடு வாயில் தீத்துவது, புரட்டிப் படுக்கவைப்பது – எல்லாம் இவர்தான். இப்போது இவருக்கு நித்திரை இல்லை. சாப்பிட்டது செமிப்பதும் இல்லை. ஆஸ்பத்திரிச் சோதனைகளில் ஒன்றும் பிடிபடவில்லை. கணவரை மச்சாளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

கொரிய மருத்துவத்தில் மனிதர்களை நான்கு வகையாகப் பிரிப்பார்களாம். உடல்வாகும் குணமும் சேர்ந்ததுதான் வகை. அது தெரிந்தால்தான் மருந்து. டொக்டரம்மா ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் சொன்னேன்.

“குளிர்ந்த தண்ணீர் பிடிக்குமா, சூடானதா?”

“இளஞ்சூடு. அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது.”

“என்ன சாப்பாடு விருப்பம்?”

“உறைப்பில்லாமல் குழையக் காய்ச்சுவன். அவருக்கு விழுங்கக் கஷ்டம்.”

“கோபம் வருமா?”

“வந்து என்ன செய்யிறது... அவருக்குப் பிறஷர் ஏறும்.”

டொக்டரம்மா பேனையை வைத்துவிட்டார். “உங்கள் கணவரின் வகையை என்னால் சொல்ல முடியும். உங்களைப் பற்றி நீங்கள் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே.”

இதை எப்படித் தமிழில் சொல்வது? சொன்னேன்.

செல்வியக்கா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு என்ன விருப்பமெண்டு... தெரியேல்லை பிள்ளை.”

அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டாமா?

டொக்டரம்மா மருந்து தரவில்லை. மனம் கேட்பதைக் கொஞ்ச நாள் சாப்பிட்டு, உடம்பு என்ன சொல்கிறது என்று கவனித்துவிட்டு வரச் சொன்னார்.

காரில் ஏறியதும் கேட்டேன். “என்ன சாப்பிடுவம் அக்கா?”

“உமக்கு விருப்பமானதை எடும்.”

நான் காரை எடுக்கவில்லை. “இல்லை. நீங்கள் சொல்லுங்கோ.”

சீட் பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். “கொத்துறொட்டி... நல்லா உறைப்பா.”

ஸ்காபரோவில் ஒரு பிளாசாக் கடை. மூக்கால் ஒழுக ஒழுகச் சாப்பிட்டார். பாதியில் நிறுத்தினார். கணவருக்குக் கட்டிக்கொண்டு போகப்போகிறார் என்று நினைத்தேன்.

“அவருக்கு உறைப்புக் கூடாது,” என்றார். மிச்சத்தையும் தானே சாப்பிட்டு முடித்தார்.

அதற்குள் மச்சாளின் போன் வந்துவிட்டது. எழும்பினோம்.

வீட்டுக்கு வந்தேன். “அம்மா, பீட்சா ஓடர் பண்ணப்போறன். உங்களுக்கு என்ன வேணும்?” என்றாள் மகள்.

“உங்களுக்கு விருப்பமானதை எடுங்கோ,” என்றேன்... சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.