குவாரி மேட்டு மண் வருமா, வராதா?

மண் சரிந்தபின் வேடிக்கை பார்க்க ஊரே வரும். சரியுமா என்று முன்னாலேயே சொல்லிச் சம்பளம் வாங்குவது என் தொழில். வரப்போவதைச் சொல்லித் திட்டு வாங்கிய எவருக்கும் என் பாடு புரியும்.

பசித்த ஆடு

கிணத்துக்கடவுப் பக்கம் மூடிப்போன கல்குவாரி ஒன்று. கழிவைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேட்டில் நல்ல மண் பரப்பி, கொழுக்கட்டைப்புல் விதைத்திருந்தோம். வேர் பிடித்தால்தான் மழைக்கு மண் நிற்கும். ஒரு காலையில் போனால், முளைத்த புல்லெல்லாம் ஆட்டு வாயில். மேட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் மாராக்காளின் ஆடுகள். "அக்கா, இந்தப் புல்லு போனா மண்ணு உங்க ஊட்டு மேலதானுங்க வரும்" என்றேன். அவர் ஒரு ஆட்டைக்கூட விரட்டவில்லை.

"மண்ணு வர்றப்போ வரட்டுங்க அம்மணி, ஆட்டுக்கு இப்பவே பசிக்குதுங்களே!"

பாதிச் சுவர்

மேய்ந்த சரிவை மறுபடி அளந்தேன். மேட்டின் நடுவே மழைநீர் ஏற்கெனவே ஒரு பள்ளம் அறுத்திருந்தது. பெருமழை பெய்தால் மண் அதன் வழியாகத்தான் இறங்கும். பள்ளம் முடிகிற இடத்தில் மாராக்காள் வீடு. குறுக்கே கல் தடுப்பு கட்ட குவாரிக் கம்பெனி மேனேஜரிடம் கெஞ்சி ஆள் வாங்கினேன். தடுப்பு இடுப்பு உயரம் வந்தபோது ஆட்களை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டார். கேட்டதற்கு வானத்தைக் காட்டினார்.

"ஒரு மேகத்தக் காட்டுங்க மேடம், மிச்சத்தையும் கட்டிப்போடலாம்."

சினை மாடு

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பிடித்த மழை விடவேயில்லை. பள்ளத்தில் செந்நீர் குழம்பாக இறங்கியது. கரைகள் கட்டி கட்டியாக விழுந்தன. சறுக்கிக்கொண்டே ஓடி மாராக்காள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் கணவர் ரங்கசாமி நகர மறுத்தார். "மாடு இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போடுமுங்க. இத உட்டுப்போட்டு எங்கீங்க வாரது?"

வாதாட நேரமில்லை. கயிற்றை நானே அவிழ்த்து மாட்டை இழுத்தேன். திட்டிக்கொண்டே அவர் பின்னாலிருந்து தள்ளினார். மாராக்காள் ஆடுகளை ஓட்டிவந்தார். பக்கத்துத் தோப்புக் கொட்டகையில் ஒதுங்கித் திரும்பிப் பார்த்தோம். தடுப்புக்குப் பின்னால் சேறு ஏறிக்கொண்டே இருந்தது. மேனேஜரே நனைந்தபடி ஆட்களோடு மணல் மூட்டைகளைத் தூக்கித் தடுப்பின் மேல் அடுக்கினார். சேறு மேல்மூட்டையின் விளிம்பைத் தொட்டது. பிறகு மழை தணிந்தது. சேறும் அங்கேயே நின்றது.

விடிந்ததும் போனோம். வாசலில் ஒரு கை மண்கூட இல்லை. மாடு கொட்டகையிலேயே நல்லபடியாகக் கன்று போட்டிருந்தது. மாராக்காள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னிடம் வந்தார்.

"எங்கூடு நல்லாத்தானுங்க இருக்குது, எதுக்குங்க அம்மணி சினை மாட்டப் போயி நனைய வெச்சுப்போட்டீங்க?"

சொன்னது பொய்யாகி நாலு பேரிடம் வசவு வாங்கும் நாளுக்காகத்தான், வாசகரே, எங்கள் தொழிலில் இவ்வளவு பாடுபடுகிறோம்.