பெரிய வெள்ளியில் பாடிய தாலாட்டு

பெரியகல்லாற்றில் தோணி பழுதுபார்த்து வந்த நோபேட், கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் தவிர கோயிலுக்குள் போகாதவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி செசீலியாவை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே நின்று சுருட்டுப் பிடிப்பார். உள்ளே அவள் பாடகர் குழுவில் பாடுவாள்.

"அவள் எனக்கும் சேத்துத்தானே கும்பிடுறாள்" என்பார்.

1959 ஆவணியில் செசீலியா காய்ச்சலில் போய்விட்டாள். நோபேட் அழவில்லை. ஊருக்கு அதுதான் கவலையாக இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி குடித்தார்களா என்று கேட்டார். எட்டாம் நாள் மறுபடி தோணிக்கு அடியில் போய் ஆணி அறைந்தார்.

வீட்டின் அமைதியைத்தான் தாங்க முடியவில்லை. சமைக்கும்போது செசீலியா ஓயாமல் ஒரு பாட்டு முணுமுணுப்பாள். பாலன் இயேசுவின் பிறப்புக்குப் பாடும் தாலாட்டு. இருபத்தாறு வருடம் கேட்டதில் அவருக்கும் அது பாடமாகியிருந்தது. மாசி மாதம் ஒருநாள், உலையை வைத்துவிட்டுத் தானே பாடிப் பார்த்தார். தகரம் வெட்டுவது போன்ற குரல். ஆனாலும் அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குள் போய், செசீலியா நின்ற அதே இடத்தில், பெண்களுக்கு நடுவே நின்றுகொண்டார். குழுவை நடத்திய பேர்னாட் மெல்லக் கிட்ட வந்தார்.

"அண்ணன், உங்களுக்கு என்னென்ன பாட்டுத் தெரியும்?"

"ஒண்டு தெரியும்" என்று சொல்லிப் பாடிக் காட்டினார்.

"தவக்காலம் வருது அண்ணன். பாலன் வளந்து சிலுவையில ஏறப்போறார்."

"அப்ப அதுக்கு ஒண்டப் பழக்கித் தாங்க."

தவக்காலம் முழுவதும் பேர்னாட் மாதாவின் வியாகுலப் பாட்டொன்றைப் பழக்கினார். சொல் வந்தது, மெட்டு வரவில்லை. எப்படித் தொடங்கினாலும் மூன்றாம் அடியில் தாலாட்டுக்குள் போய் விழுந்தது. பேர்னாட் ஆர்மோனியத்தை உரக்க வாசித்துச் சமாளித்தார்.

பெரிய வெள்ளியன்று ஆர்மோனியம் வாசிப்பதில்லை.

கோயில் நிறையச் சனம். மூன்றாம் அடியில் நோபேட் தாலாட்டுக்குத் திரும்பினார். பக்கத்தில் நின்ற பெண்கள் இழுபட்டார்கள், பிறகு முன்வரிசை, கடைசியில் பேர்னாட்டும். மாதாவின் மடியில் இறந்த மகன் கிடக்கும் பாட்டை ஊரே தாலாட்டாகப் பாடியது. இரண்டு பேர் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தார்கள். அப்போது நோபேட்டின் குரல் உடைந்தது. எட்டு மாதத்து அழுகை. அவர் நிறுத்திய பிறகும் சனம் அந்த மெட்டிலேயே பாடி முடித்தது. சிரித்த இருவரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

வீடு திரும்பியபோது அடுத்த வளவுச் சீதேவிப்பிள்ளை வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன், இண்டைக்கு உங்கட கோயில்ல ஆருக்குப் புள்ள பிறந்திருக்கு?"

நோபேட் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிய, கஞ்சி இருக்கிறதா என்று அவளிடமே கேட்டார்.

பிறகு பதினான்கு வருடம் குழுவில் பாடினார். கலியாணங்களுக்கு அவரைப் பின்வரிசையில் நிறுத்தும்படி பெண் வீட்டார் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். செத்தவீட்டுக்காரர் மட்டும் அவரைத் தேடிவந்து கூப்பிட்டார்கள். நோபேட் பாடினால் நெஞ்சில் அடைத்துக் கிடந்த அழுகை வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குக் காரணம் பக்தி என்று ஊர் சொன்னது. அந்தக் குரலைப் பற்றிப் பேர்னாட்டுக்கு வேறு கருத்து இருந்தது.