காதும் விரலும் ஒரே ஆளுடையவை

செய்தி, அழைப்புகளை இணைக்கும் போர்டு வழியாகத்தான் வந்தது. கிடர்பூர் துறைமுக அலுவலகத்தின் தொலைபேசி அறையில் நான் மட்டும் இருந்தேன். விளக்கு எரிந்தது, இணைப்பை எடுத்தேன். பெஹாலாவிலிருந்து சரோஜா அக்காவின் தம்பி. "அக்கா போயிட்டாங்க. நிமோனியா" என்றார். அடுத்த விளக்கு எரிந்தது, அதற்கடுத்ததும். நான் எதையும் எடுக்கவில்லை.

பக்கத்து நாற்காலி முன்பு அக்காவுடையது. துறைமுக லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே, 'ஹலோ' என்ற ஒரு சொல்லிலேயே பேசுவது யார் என்று கண்டுபிடித்துவிடுவார். ஒரு நாள் ஹெட்செட்டை வலது காதுக்கு மாற்றிக்கொண்டார். "இடது காதுல கப்பல் வந்து நிக்குதுடி. சங்கு ஊதிக்கிட்டே இருக்கு" என்றார். நான் சிரித்தேன். அந்த வாரமே அவருக்கு அறை சுழல ஆரம்பித்தது.

நம் அலுவலகத்தில் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தலைச்சுற்றல் வந்தால் அக்கா எதையும் பிடித்துக்கொண்டு நிற்க முயல மாட்டார். அதிகாரியின் அறை வாசலாக இருந்தாலும் சரி, புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். "விழறதுக்கு முன்னால நானே உக்காந்துடறேன். என்னைத் தள்ளிவிட்ட பெருமை எதுக்கும் வேண்டாம்" என்பார். தலைமை எழுத்தரை நாம் பொரோபாபு என்போமே, அவர் ஒரு முறை குனிந்து பார்த்து, "என்ன சரோஜா தீதி, காலையிலேயே ஊத்திக்கிட்டியா?" என்றார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா கண்ணை நகர்த்தாமல் சொன்னார்: "ஊத்தியிருந்தா உங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வச்சிருப்பேன், பொரோபாபு."

அக்காவின் விரல் மூட்டுகளும் வீங்கும். விரல் வீங்கும் நாட்களில்தான் காது அடைக்கிறது என்பதைக் கவனித்தது அவரே. அரசு ஆஸ்பத்திரியில் அதைச் சொன்னார். காது டாக்டர், விரலுக்கு எதிர்க் கட்டடம் என்றார். எதிர்க் கட்டடத்தில், காதுக்கு அந்தக் கட்டடம் என்றார்கள். வெயிலில் இரண்டுக்கும் நடந்த பிறகு கேட்டாராம்: "காதும் விரலும் ஒரே ஆளோடதுதானே, டாக்டர்?" பதிலாகச் சீட்டில் 'மன அழுத்தம்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு சொற்கள் அலுவலகத்துக்குப் போதுமானவையாக இருந்தன. அவரைப் போர்டிலிருந்து எடுத்துத் தபால் பிரிவில் போட்டார்கள். வீங்கிய விரல்களால் உறைகளுக்குப் பசை தடவினார். தொழிற்சங்கத்துக்காரர்களிடம் போனேன். அவர்கள் பூஜைக் கால போனஸ் கேட்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

பிறகு ஒரு இளம் பெண் மருத்துவர், மூட்டுகளுக்காக ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிறது, அதுதான் மூட்டு வீக்கம் என்று விளக்கினார். விரல் வீக்கம் வற்றியது. காதின் இரைச்சலும் குறைந்தது. இப்படிப்பட்ட சிலருக்கு உட்காதும் அதே தாக்குதலில் சிக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். அக்கா தபால் பிரிவிலிருந்து ஓட்டமும் நடையுமாக என்னிடம் வந்தார். "நான் சொன்னதுல அர்த்தம் இருக்காம்டி! கப்பலும் கொஞ்சம் நகர்ந்துடுச்சு." அந்த மருத்துவரின் கடிதத்தோடு, தன்னை மறுபடி போர்டில் உட்காரவைக்கும்படி கேட்டார். வேறு ஆள் போட்டாயிற்று என்றார்கள். 'மன அழுத்தம்' கோப்பில் அப்படியே இருந்தது. இன்றும் இருக்கிறது.

இரங்கல் கூட்டத்தில் பொரோபாபு, "பாவம், நரம்புத் தளர்ச்சி" என்றார். "நரம்பு இல்லை, காது" என்று நான் கத்தினேன். ஜன்னலை மூடச் சொன்னார்கள். வெளியே லாரிச் சத்தமாம்.

அக்காவின் கேள்வியை நான் வைத்துக்கொண்டேன். போன வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். முட்டி வீக்கம், கண் எரிச்சல். "கண்ணுக்கு இங்கே இல்லை, எதிர்க் கட்டடம்" என்று சீட்டை நீட்டினார் டாக்டர். நான் வாங்கவில்லை. அவர் மேசைக்கு முன்னால், புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"கண்ணும் முட்டியும் ஒரே ஆளோடதுதானே, டாக்டர்?"