பதினான்காம் தேதிப் பக்கம்

தேவசுந்தரம் எழுதிய சைட் டைரியைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, இது கையால் எழுதியதா, அச்சடித்ததா என்றுதான். குளச்சலில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, நாகர்கோவிலில் பி.காம். முடித்து, தொண்ணூற்றாறில் அபுதாபிக்கு வந்தவர் அவர். வந்த நாளிலிருந்து ஒரே கட்டுமானக் கம்பெனி. பதவி டாக்குமெண்ட் கன்ட்ரோலர். ஆட்களுக்கு அவர் டைரி அண்ணன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு யல்லா யல்லா என்று அவசரப்படுத்திக்கொண்டு ஆட்கள் பஸ் ஏறும்போது அவர் தகர ஆபீஸான போர்ட்டா கேபினில் உட்காருவார். எத்தனை கொத்தனார், எத்தனை கம்பி கட்டுகிறவர், கிரேன் ஓடியதா, வெயில் எத்தனை டிகிரி, எந்த வேலை எதனால் நின்றது, எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். கீழே கையெழுத்து. சூடேறிய பிளாஸ்டிக்கும் பால் சேர்க்காத சுலைமானி டீயும் கலந்த வாசம் அந்தக் கேபினுக்கு உண்டு. அதற்குள் நுழைந்துவிட்டால் வெளியே ஐம்பது டிகிரி கொதிக்கிறது என்பதே மறந்துபோகும். அந்த வருஷங்களில் அபுதாபி முழுக்க கிரேன்கள் நின்றன. வேலை தீர்ந்துபோகும் என்று யாரும் நினைக்கவில்லை.

அப்படிக் கட்டிய ஒரு கட்டடம் ஒன்பது மாதம் தாமதமாக முடிந்தது. தாமதம் கம்பெனியால் என்றார் கட்டடத்தின் முதலாளி. வரைபடங்களை அவர்கள்தான் நேரத்துக்குத் தரவில்லை என்றது கம்பெனி. வழக்கு கோர்ட்டுக்குப் போகாமல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர்கள் முன்னால் போனது. 2009 பிப்ரவரியில், துபாயில் ஒரு ஹோட்டல் ஹாலில் விசாரணை. இரு தரப்புக்கும் லண்டனிலிருந்து பாரிஸ்டர்கள் வந்தார்கள். கட்டட வழக்குகளில் பேர்போன பாரிஸ்டர்கள் சேர்ந்து ஒரே இடத்தில் அலுவலகம் வைத்துக்கொள்வார்களாம். அதற்குச் சேம்பர்ஸ் என்று பெயர். கம்பெனிக்காக வந்த மிஸ் விட்காமும் எதிர்த்தரப்புக்கு வந்த நெட்டை மனிதரும் ஒரே சேம்பர்ஸ்.

ஃபைல் பெட்டிகளைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டிருந்த ஃபோர்மேன் சோலைமுத்துவுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் சண்டையா? எங்க முசஃபா ரூம்ல உப்பு தீந்ததுக்கே ரெண்டு நாளு பேச்சுவார்த்தை இல்லண்ணே!"

"அவியளுக்குச் சண்டை டூட்டி நேரத்துல மட்டுந்தான்டே," என்றார் தேவசுந்தரம்.

டைரிதான் கம்பெனியின் பெரிய ஆதாரம். அதனால் தேவசுந்தரம் சாட்சி. ஒவ்வொரு பக்கத்தையும் அந்தந்த நாள் மாலையில் சைட்டிலேயே எழுதியதாக, கம்பெனி வக்கீல்கள் தயாரித்த வாக்குமூலத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். விசாரணைக்கு முதல் நாள் அதை மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. அறுநூறு பக்கங்களில் பன்னிரண்டு அப்படி எழுதியவை அல்ல. 2007 ஜூலையில் அப்பா இறந்து அவர் ஊருக்குப் போயிருந்தார். அந்த நாட்களின் விவரத்தைச் சோலைமுத்து துண்டுச் சீட்டுகளில் குறித்து வைத்திருந்தான். திரும்பி வந்ததும் அவற்றைப் பார்த்து டைரியில் அழகாக எழுதி, எப்போதும்போலக் கையெழுத்தும் போட்டுவிட்டு, சீட்டுகளைக் குப்பையில் போட்டார். எந்த சைட்டிலும் அதுதான் வழக்கம். டைரியில் வெற்றுப் பக்கம் இருக்கக் கூடாது.

மிஸ் விட்காமிடம் போய், நாளைக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்டார். பதிமூன்று வருஷமாக, என்ன எழுத வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் சொல்லியே பழகியவர். அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். சாட்சிக்குப் பதில் சொல்லிக்கொடுப்பது எங்கள் தொழிலில் கூடாது, உண்மையைச் சொல்லுங்கள், அவ்வளவுதான் என்றார்.

ப்ராஜெக்ட் மேனேஜர் பாலகுருவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. "யாரு கேக்கப் போறா? ஆமான்னு ஒரு வார்த்தை. அந்தப் பன்னிரண்டு பக்கத்துல எழுதியிருக்கற கணக்கு பொய்யா?"

"கணக்கு சரிதான் சார்."

"அப்புறம் என்ன? கம்பெனி நின்னாத்தான் உங்க விசா நிக்கும். கூட்டம் கூட்டமா ஆளை ஊருக்கு அனுப்பிட்டு இருக்கானுங்க, பாக்கறீங்கல்ல?"

மறுநாள் காலை பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். வாக்குமூலத்தில் திருத்தம் ஏதாவது உண்டா என்று மிஸ் விட்காம் முறைப்படி கேட்டார். எதிரே பாலகுரு உட்கார்ந்திருந்தார். அபுதாபியிலேயே படிக்கும் மகள் ஷிஜிக்கு அடுத்த மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. இல்லை என்றார் தேவசுந்தரம்.

நெட்டை மனிதர் மென்மையாகக் கேள்வி கேட்டார். ஏப்ரல், மே, ஜூன் என்று டைரி புரண்டது. ஜூலைக்கு முன்னால் சாப்பாட்டு இடைவேளை. சாட்சியம் முடியும்வரை வழக்கைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்று தலைமை நடுவர் எச்சரித்து அனுப்பினார். கம்பெனிக்காரர்கள் ஒரு மேசையில் உட்கார, அவர் மட்டும் தூரத்து மேசை ஒன்றில் தனியாக உட்கார்ந்தார்.

மனைவி இன்பமணி கொடுத்தனுப்பிய சாப்பாட்டுடன் சோலைமுத்து வந்தான். "பேசக் கூடாதாமே? திங்கறதுக்கு எதுவும் தடை போட்டிருக்கானா?"

"இல்லடே. நீ போ."

"அக்கா சாளை மீனு பொரிச்சு வெச்சிருக்கு. ஆறிப்போயிரும்." மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

டப்பாவைத் திறக்காமல், டைரி நகல் இருந்த ஃபைலை எடுத்து ஜூலையைப் பார்த்தார். பதினான்காம் தேதி, சனிக்கிழமை. ஆட்கள் அறுபத்திரண்டு. வெயில் நாற்பத்தாறு. மூன்றாவது மாடி வரைபடம் வராததால் வேலை நின்றது. மாலை ஐந்து மணி. கீழே அவருடைய கையெழுத்து.

அந்தச் சனிக்கிழமை மாலை குளச்சலில் மழை தூறிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போனவர்கள் எல்லாரும் கரைக்கு வந்து நின்றார்கள். கல்லறைத் தோட்டத்து மண் ஈரமாகக் கையில் ஒட்டியது. மூன்று பிடி போட்டார். மூன்றாவது பிடி கையை விட்டு உதிராமல், உதற வேண்டியிருந்தது.

இந்தப் பக்கம் சொல்வதுபோல் அந்த நேரத்தில் அவர் சைட்டில் இருந்தார் என்றால், அப்பாவின் குழிக்கு மண் போட்டது யார்? எழுதியபோது இது தோன்றவில்லை. சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது.

இடைவேளை முடிந்தது. நெட்டை மனிதர் வாயைத் திறப்பதற்குள் தேவசுந்தரம் எழுந்துவிட்டார். சாட்சி எழத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியாது.

"காலையில் திருத்தம் இல்லை என்றேன். இருக்கிறது. ஜூலையில் பன்னிரண்டு பக்கங்கள் நான் அங்கே இருந்து எழுதியவை அல்ல. ஃபோர்மேன் குறித்த சீட்டுகளைப் பார்த்துப் பிறகு எழுதினேன். சீட்டுகளை எறிந்துவிட்டேன். அப்போது நான் என் அப்பாவை அடக்கம் செய்துகொண்டிருந்தேன்."

நெட்டை மனிதர் பேனாவை மூடினார். வருந்துகிறேன் என்றார், தாழ்ந்த குரலில். பிறகு தொழிலுக்குத் திரும்பி ஒரு மணி நேரம் அந்தப் பன்னிரண்டு பக்கங்களைக் கேள்விகளால் கிழித்தார். எல்லாவற்றுக்கும் இவர் ஆமாம், அப்படித்தான் என்றே சொன்னார்.

தீர்ப்பு ஜூனில்தான் வந்தது. பன்னிரண்டு நாட்களைத் தள்ளிவிட்டு, கேட்காமலே தவறைச் சொன்ன சாட்சி என்பதால் மற்றப் பக்கங்களை நம்புகிறோம் என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். ஆனால் அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்? சாயங்காலம் பாலகுருவின் காரில் அபுதாபிக்குத் திரும்பினார்கள். விசா கலாஸ், இனி ஊருக்குத்தான் என்று தேவசுந்தரம் முடிவே கட்டிவிட்டார். ஷிஜியின் பரீட்சை முடியும்வரையாவது கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு பெட்ரோல் பங்க்கில் கார் நின்றது. பாலகுரு இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை நீட்டினார்.

"எங்கப்பா செத்தப்ப நான் கத்தார்ல, ராஸ் லஃபான் சைட்ல இருந்தேன்," என்றார், ரோட்டைப் பார்த்தபடி. "மறுநாள் பெரிய கான்கிரீட். லீவு கேக்கவே இல்ல. கேட்டிருந்தா குடுத்திருப்பானுங்க."

தேவசுந்தரம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மண்ணு போட்டீங்கல்ல?"

"போட்டேன் சார்."

பாலகுரு தலையாட்டினார். சாவியை எடுத்தார். "நாளைக்கு ஏழு மணிக்கு டூட்டி. லேட் பண்ணிராதீங்க."